பதினொரு நியான்கள்: வடித்த நீரும் ஓர் இரண்டடித் தொட்டியும்

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மீன்தொட்டி விளக்கைப் போட்டேன். பதினொரு நியான் டெட்ராக்கள் செத்துக் கிடந்தன. ஏழு மணல்மேல், நான்கு ஃபில்டரின் உறிஞ்சு வாயில் ஒட்டிக்கொண்டு. மிச்சமிருந்த மூன்றும் தண்ணீர் விழும் மூலையில், மேல்மட்டத்தில் நின்றபடி வாயை அடித்துக்கொண்டிருந்தன. முந்தின நாள் மாலை ஆறு மணிவரை பதினான்கும் நன்றாக இருந்தவை. வாங்கிய நாளிலிருந்து பார்க்காத நிறத்தோடு நீந்தியவை. இடையில் நடந்தது ஒன்றுதான்: அவற்றைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பாதித் தண்ணீரை மாற்றியிருந்தேன்.

ஒரு மாதமாகக் கொதிக்கவைத்து வடித்த நீரை ஊற்றி வந்ததையும் அன்று நடந்ததையும் சொன்னபோது தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினா மீன் சாகத்தானே செய்யும்?" நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் தொட்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்ன ஊற்றினேன், எவ்வளவு, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) எத்தனை, எது செத்தது என்று தேதி போட்டு எழுதுவது வழக்கம். அதை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டபோது கதை வேறு மாதிரி வந்தது. அந்தக் கணக்குதான் இது.

தொட்டியும் போர் தண்ணீரும்

தொட்டி 60×30×30 செ.மீ., கடைக்காரர்கள் சொல்லும் இரண்டடித் தொட்டி. கணக்குப்படி 54 லிட்டர். மணல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு தொங்கு ஃபில்டர். ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 14 நியான், 5 கருப்பு மோலி, கூப்பிடாமலே செடியோடு வந்து குடியேறிய நத்தைகள். மீன்கள் கொளத்தூரில் வாங்கியவை. சென்னையில் வண்ணமீன் வளர்ப்பவர் யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே பாலித்தீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்.

நாங்கள் இருப்பது தென்சென்னை. போர் தண்ணீரின் டிடிஎஸ் 1180. குடிநீருக்கான இந்தியத் தரக் கட்டுப்பாடு 500 வரை நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் தண்ணீர் நடுத்தரம். வாளியில் வெள்ளை வளையம், ஷவர் ஓட்டையில் அடைப்பு, சோப்பு நுரைக்காது. தொட்டிக்குள் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. குறைந்ததற்கு மறுபடி போர் தண்ணீரையே ஊற்றுவேன். ஐந்து மாதத்தில் தொட்டியின் டிடிஎஸ் 1640 ஆகியிருந்தது.

மோலிக்கு இது சொர்க்கம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கடலோரக் கழிமுகம்வரை வாழும் மீன் அது. உப்பும் சுண்ணாம்பும் அதற்குப் பழக்கம். நியான் அப்படியல்ல. அமேசானின் மேல்பகுதியில், இலை ஊறித் தேநீர் நிறத்தில் ஓடும் மென்னீர் ஓடைகளின் மீன். கடைக்கு வருபவை பண்ணையில் பொரித்தவை என்பதால் கடின நீரிலும் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, தழைப்பது வேறு. என் நியான்களின் சிவப்பு, வெளுத்துப்போன பென்சில் கோடு மாதிரி இருந்தது.

இந்த இரண்டு மீனையும் ஒரே தொட்டியில் போட்டதே முதல் தப்பு. அதை அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இட்லிப் பானை வாலை

தண்ணீரை மென்மையாக்க வேண்டும், சரி. எப்படி? பள்ளியில் படித்த வாலை வடித்தல் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "ஓமத் தீநீர் அப்படித்தானேடா இறக்குவாங்க" என்றார். சித்த மருந்துக் கடைகளில் இன்றும் விற்கும் ஓமத் தீநீர், நாம் ஓம வாட்டர் என்று குழந்தைக்குக் கொடுப்பது, இதே வேலைதான். ஓமத்தைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. எனக்கு ஓமம் வேண்டாம், ஆவி மட்டும் போதும்.

கருவி எளிது. பெரிய எவர்சில்வர் இட்லிப் பானையில் ஐந்து லிட்டர் போர் தண்ணீர். நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு கிண்ணம். பானை மூடியைக் கவிழ்த்து, அதாவது கைப்பிடிக் குமிழ் கீழே பார்க்கும்படி வைத்தேன். மூடியின் குழிவில் ஐஸ்கட்டி. ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, சரிவில் ஓடி, குமிழின் நுனியிலிருந்து கிண்ணத்துக்குள் சொட்டும். காது வைத்துக் கேட்டால் பானைக்குள் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

முதல் நாள் கிடைத்த நீரின் டிடிஎஸ் 38. வடித்த நீரில் 38 எப்படி வரும்? தீயை அதிகமாக வைத்துவிட்டேன். தளதளவென்று கொதிக்கும்போது தெறிக்கும் துளிகள் உப்போடு கிண்ணத்துக்குள் விழுந்திருக்கின்றன. முக்காலியை உயர்த்தி, தீயைச் சிம்மில் வைத்த பிறகு 4-லிருந்து 8-க்குள் நின்றது. வேகம் போய்விட்டது. மணிக்கு 400 மி.லி.தான். மாலை மூன்றரை மணி நேரம் அடுப்பைக் காத்தால் 1.4 லிட்டர்.

பானையின் அடியில் தங்கியதுதான் பார்க்க வேண்டிய காட்சி. தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் சாம்பல் வெள்ளையாகப் பொருக்கு படியும். ஐந்து லிட்டரும் வற்றினால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். விரலால் தேய்த்தால் கரகரக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரையை ரசித்தேன். அது கார்பனேட், அதாவது என் தொட்டியின் காவலாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

குக்கரின் விசிலைக் கழற்றிவிட்டுச் செம்புக் குழாய் செருகும் முறையையும் யோசித்தேன். இரண்டு காரணத்துக்காக விட்டேன். குழாய் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிகுண்டாகும். அப்புறம் செம்பு. கனிமமே இல்லாத நீர் உலோகத்தைக் கரைக்கும், செம்பு மீனுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. மென்னீரில் அந்த நஞ்சு இன்னும் கடுமை. எடுத்த முடிவுகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

செலவைச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 293 கிலோஜூல் வெப்பம் போதும். கொதித்துக்கொண்டிருக்கும் அந்த லிட்டரை முழுதும் ஆவியாக்க இன்னும் 2257 கிலோஜூல் வேண்டும். ஏழரை மடங்குக்கும் மேல். மின்கணக்கில் லிட்டருக்கு 0.7 யூனிட், இழப்பையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை ஒட்டி வரும். கேஸ் அடுப்பில் பாதி வெப்பம் பானையைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. எனக்கு லிட்டருக்கு 150 கிராம்வரை எரிந்திருக்க வேண்டும். ஐம்பது நாள் வருகிற சிலிண்டர் 29-ஆம் நாள் தீர்ந்தது. "கேஸ் வந்து ஒரு மாசம்கூட ஆகலையேடா" என்று அம்மா பானையைப் பார்த்தபடி சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

26 மாலைகளில் 36 லிட்டர் சேர்ந்தது.

நோட்டில் இருப்பது

நாள் 0, ஞாயிறு. தொட்டியிலிருந்து 36 லிட்டரை எடுத்துவிட்டு வடித்த நீரை ஊற்றினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. டிடிஎஸ் 1640-லிருந்து 335. இதையே ஒரு வாரத்துக்குப் பரப்பிச் செய்திருக்க வேண்டும். நன்னீர் மீனின் உடம்புக்குள் வெளியே உள்ளதைவிட உப்பு அதிகம். செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே வரும், உப்பு வெளியே கசியும். சிறுநீரகம் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க, செவுள் உப்பைத் திரும்பப் பிடித்துக்கொண்டே இருக்கும். வெளி நீர் திடீரென ஐந்தில் ஒன்றாக நீர்த்துப்போனால் அந்த இரண்டு வேலையும் ஒரே நொடியில் கூடிவிடும். ஆனாலும் அன்றைக்கு ஒரு மீனும் சாகவில்லை.

நாள் 3: "நியான் சூப்பர்." இப்படித்தான் எழுதியிருக்கிறேன். சிவப்பு திரும்பியிருந்தது.

நாள் 5: மோலிகள் நின்ற இடத்திலேயே ஆடுகின்றன. முன்னே போகாமல், குளிரில் நடுங்குகிறவர் மாதிரி உடம்பை இடமும் வலமும் அசைத்துக்கொண்டு. மீன் வளர்ப்பவர்கள் ஷிம்மி என்று சொல்வது இதுதான். கனிமம் போதாத நீரில் மோலி, கப்பி வகைகள் முதலில் காட்டும் அடையாளம். கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"மோலியா தம்பி? கல்லுப்பு கொஞ்சம் போடுங்க. தன்னால நின்னுடும்."

உப்பை எடுக்கத்தான் இருபத்தாறு நாள் அடுப்பெரித்தேன், இவர் உப்புப் போடச் சொல்கிறாரே என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். என் தொட்டியில் என்ன குறைந்தது என்பதை அவர் பார்க்காமலே சொல்லியிருந்தார்.

நாள் 7, 14, 21, 28: ஒவ்வொரு ஞாயிறும் 7 லிட்டர் எடுத்து 7 லிட்டர் வடித்த நீர். டிடிஎஸ் 290, 255, 220, 190 என்று இறங்கியது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு டிக் போட்டிருக்கிறேன்.

நாள் 17, 19: நாளுக்கொரு மோலி செத்தது. நாள் 26-க்குள் ஐந்தும் போயின. "வயசாகியிருக்கும்" என்று எழுதியிருப்பதைப் படிக்க இப்போது கூசுகிறது.

நாள் 24: நத்தை ஓடுகளில் வெள்ளைத் திட்டு. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன், சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி பொடிந்தது. ஓட்டின் உச்சியில் ஊசிமுனைக் குழிகள். ஓடு கார்பனேட்டால் ஆனது. அமில நீர் அதைத் தின்னும். மீட்டர் எதுவும் இல்லாமலே நத்தை பிஎச் (நீரின் அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) சொல்லிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியவில்லை.

நாள் 31, புதன். மேல் வீட்டுத் தம்பி கல்லூரியில் படிக்கிறான், அவனும் மீன் பைத்தியம். புதிதாக டெஸ்ட் கிட் வாங்கியிருந்தவன், என் தொட்டி நீரையும் ஒரு குழாயில் எடுத்தான். அம்மோனியாவை அளக்கும் சொட்டுகளைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கரும்பச்சை.

"அண்ணா, கார்டுல இதுக்கு மேல கலரே இல்ல. எட்டு பிபிஎம்."

அதாவது லிட்டருக்கு எட்டு மில்லிகிராம். பிஎச் பார்த்தான். மஞ்சள். அந்தக் கிட்டில் மஞ்சள் என்றால் 6.0, அல்லது அதற்குக் கீழே எதுவாகவும் இருக்கலாம். அந்த மஞ்சளை நாங்கள் இருவரும் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அம்மோனியா என்றால் உடனே தண்ணீர் மாற்று. மீன் வளர்ப்பில் முதலில் கற்றுத்தரும் பாடம் அது. சிலிண்டர் விவகாரத்துக்குப் பிறகு வடித்த நீர் கையிருப்பு இல்லை. போர் தண்ணீரைத் திறந்து 22 லிட்டர் மாற்றினோம். இரவு ஒன்பது மணிக்கு நியான்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. ஆக்சிஜன் குறைவு என்று நினைத்து ஏர் பம்பைக் கூட்டிவைத்துவிட்டுப் படுத்தேன்.

அந்த இரவில் நடந்தது

எடுத்த பழைய தண்ணீரைச் செடிக்கென்று வாளியில் வைத்திருந்தோம். அது நல்லதாகப் போயிற்று. மறுநாள் கடன் வாங்கிய பிஎச் பேனாவால் அளந்தேன்: 5.4. கேஎச் சோதித்தேன். கேஎச் என்பது கார்பனேட் கடினத்தன்மை. நீலம் மஞ்சளாக மாறும்வரை எத்தனை சொட்டு போடுகிறோமோ அத்தனை டிகிரி. வாளித் தண்ணீர் நீலமாகவே ஆகவில்லை. முதல் சொட்டிலேயே மஞ்சள். அதாவது பூஜ்யம். எங்கள் போர் தண்ணீருக்கு 16 சொட்டு.

கார்பனேட் என்ன செய்கிறது? தொட்டியில் உண்டாகும் அமிலத்தை விழுங்குகிறது. அமிலம் எங்கிருந்து வருகிறது? ஃபில்டரிலிருந்தே. மீன் கழிக்கும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் பிறக்கும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும்.

நான் நாளுக்கு அரை கிராம் தீனி போட்டேன், இது கொஞ்சம் தாராளம். 40 சதவீதப் புரதம் என்றால் அதில் 32 மி.கி. நைட்ரஜன். அதில் 20 மி.கி. அம்மோனியாவாக நீரில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 143 மி.கி. கார்பனேட் போகும். 45 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 3.2 மி.கி. கேஎச் ஒரு டிகிரி என்பது 17.8 மி.கி. ஆகவே நாளுக்கு 0.18, வாரத்துக்கு 1.25 டிகிரி கரைகிறது. போர் தண்ணீரில் 16 டிகிரி இருந்தவரை இதைப் பற்றிக் கவலையே இல்லை. கோடீஸ்வரன் வீட்டுப் பால் கணக்கு.

நாள் 0-வில் ஐந்தில் நான்கு பங்கை வடித்த நீராக்கியதும் கேஎச் ஏறக்குறைய 2.8-க்கு வந்திருக்க வேண்டும். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2.8 கேஎச், 335 டிடிஎஸ் என்பது நியானுக்கு நல்ல தண்ணீர். அவசரப்பட்டு மாற்றியதைத் தவிர, அன்று செய்த கலவையில் குற்றமில்லை. அதன் பிறகு வாராவாரம் ஊற்றியதில் தான் பிழை. ஃபில்டர் வாரத்துக்கு 1.25 டிகிரியைத் தின்கிறது. புதிதாக ஊற்றும் நீரோ ஒரு டிகிரிகூடக் கொண்டுவரவில்லை, இருப்பதையும் நீர்க்கச் செய்கிறது. நாள் 7-ல் 1.3. நாள் 14-ல் பூஜ்யம்.

தடுப்பவர் இல்லாததும் பிஎச் சரிந்தது. 6-க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். அம்மோனியா மாற்றப்படாமல் நாளுக்கு 20 மி.கி. என்று சேர்ந்தது. பதினேழு நாளில் 340 மி.கி., அதாவது லிட்டருக்கு ஏழரை. கிட்டில் வந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று விளங்கிற்றா? ஞாயிறுதோறும் எடுத்த தண்ணீரோடு கொஞ்சம் போயிருக்கும். செத்த மோலியும் அழுகிய தீனியும் அதை ஈடுகட்டியிருக்கும்.

எட்டு பிபிஎம் அம்மோனியாவில் நியான்கள் எப்படிப் பளபளவென்று நீந்தின? அம்மோனியாவுக்கு இரண்டு முகம். அமில நீரில் அது அம்மோனியம் அயனியாக இருக்கும். செவுளைத் தாண்டி எளிதில் நுழையாது. கார நீரில் தனி அம்மோனியாவாக மாறும், அதுதான் கொல்லும். பிஎச் ஓர் எண் ஏறினால் இந்தத் தனி அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஏறும். 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 5.4-ல் மொத்தத்தில் 0.018 சதவீதம் மட்டுமே தனி அம்மோனியா. எட்டு பிபிஎம்மில் அது 0.0014. ஒன்றுமேயில்லை.

பாதித் தண்ணீரை மாற்றியபோது மொத்த அம்மோனியா எட்டிலிருந்து நான்கானது. தம்பியும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம். அதே நேரம் கேஎச் 8-க்கு ஏறியது, ஏர் பம்ப் கரியமில வாயுவை வெளியேற்றியது, பிஎச் 8.0 ஆயிற்று. அந்த பிஎச்சில் தனி அம்மோனியா 6.5 சதவீதம். நான்கு பிபிஎம்மில் 0.26. அம்மோனியாவைப் பாதியாக்கினோம், நஞ்சை நூற்றெண்பது மடங்குக்கு மேல் கூட்டினோம். நீண்ட நாள் இருந்தால் 0.02-லிருந்தே செவுள் பாதிக்கத் தொடங்கும் என்பார்கள். நான் கூட்டிவைத்த ஏர் பம்ப்கூட மீனுக்கு எதிராகத்தான் வேலை செய்தது.

மற்ற சந்தேகங்களையும் விடவில்லை. குளோரின்? போர் தண்ணீரில் கிடையாது. வெப்பம்? இரண்டு நீரும் 28-ஐ ஒட்டித்தான். நோய்? ஒரே இரவில் பதினொன்றை அள்ளிப்போகாது, திட்டோ பஞ்சோ எதுவும் இல்லை. பிஎச் 5.4-லிருந்து 8-க்கும், டிடிஎஸ் 190-லிருந்து 690-க்கும் ஏறிய அதிர்ச்சி? அதற்கும் பங்கு உண்டு, அதைத் தனியே பிரித்து எடைபோட வழியில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மேலே வந்து மூச்சு வாங்கியது, செவுள் சிவந்து விரிந்திருந்தது இரண்டும் அம்மோனியாவைத்தான் காட்டுகின்றன. மோலிகளின் சாவு தனிக் கணக்கு. அது கனிமப் பஞ்சத்தில் தொடங்கி அமில நீரில் முடிந்தது. வடித்த நீரின்மேல் நேரடியாகப் போடக்கூடிய பழி அது மட்டும்தான்.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறது. 190 என்றால் அதில் சோடியம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, கார்பனேட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. என் 190-ல் கார்பனேட் பூஜ்யம். ஒரு மாதம் நான் டிக் போட்டது அந்தப் பூஜ்யத்தை நோக்கித்தான்.

பத்தடி தூரத்தில்

அந்தப் புதன் மாலை என்ன செய்திருக்கலாம்? அதே அமிலத் தன்மைக்கு அருகிலுள்ள மென்னீரால், நாளுக்குப் பத்து சதவீதம் மாற்றியிருக்க வேண்டும். அம்மோனியா பாதுகாப்பான முகத்தில் இருக்கும்போதே அதை வெளியேற்றிவிட வேண்டும். தீனியை நிறுத்த வேண்டும். அம்மோனியா ஒன்றுக்குக் கீழே வந்த பிறகு கேஎச்சை நாளுக்கு அரை டிகிரி வீதம் ஏற்றலாம். சமையல் சோடா போதும், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். வரிசை மாறி, அம்மோனியா இருக்கும்போது சோடாவைப் போட்டால் நான் செய்த அதே வேலைதான்.

அந்த மென்னீர் சமையலறையில், தொட்டியிலிருந்து பத்தடியில் இருந்தது. ஆர்ஓ. டிடிஎஸ் 70. அதை நான் மறந்தே போயிருந்தேன், ஏனென்றால் அது குடிக்கிற தண்ணீர்.

மூன்று நியான்களை அதை வைத்துத்தான் மீட்டேன். முதல் நாள் அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர், நான்கு நாள் பட்டினி, தினமும் நான்கு லிட்டர் ஆர்ஓவும் போரும் கலந்த நீர். கேஎச் கிடைத்ததும் ஃபில்டர் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டன. மூன்று வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்.

இப்போது தண்ணீர் தயாராகும் விதம்

வடிப்பதை விட்டுவிட்டேன். ஒரு பங்கு போர், நான்கு பங்கு ஆர்ஓ. டிடிஎஸ் 290, கேஎச் 4-ஐ ஒட்டி வரும். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் செய்த 60 லிட்டர் டிரம்மில் சனிக்கிழமை இரவு கலந்து ஏர் ஸ்டோனைப் போட்டுவிடுவேன். ஞாயிறு காலை கேஎச், பிஎச், வெப்பம் மூன்றையும் பார்த்துவிட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரத்தில் இறக்குவேன். ஒரு முறை எட்டு லிட்டருக்கு மேல் இல்லை. ஆர்ஓ கழிவு நீர் பாத்ரூமுக்கும் தரை துடைக்கவும் போகிறது. ஆர்ஓவில் டிடிஎஸ் கூட்டும் திருகு இருந்தால் அளக்காமல் நம்பக் கூடாது. மெக்கானிக் வந்துபோன நாளில் எங்கள் வீட்டில் 70 என்பது 210 ஆகியிருந்தது.

மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கலப்பவருக்குக் குளோரின் கவலை உண்டு. ஓர் இரவு ஏர் ஸ்டோன் ஓடினால் சாதாரணக் குளோரின் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட். குளோரின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 100 லிட்டருக்கு 0.7 கிராம் போதும், கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து பெரும்பாலும் இதன் கரைசல்தான்.

பேட்டரிக்கு ஊற்றும் கேன் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள். டிஸ்டில்டு என்று எழுதியிருந்தாலும் பல நேரம் அது அயனி நீக்கிய நீர். மீனுக்கு வித்தியாசமில்லை, ஆனால் அந்தக் கேன் முன்பு எதை வைத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஏசியிலிருந்து சொட்டும் நீர் அளந்தால் 14 காட்டியது. செம்புச் சுருளையும் அலுமினியத் தகடையும் பாசியையும் தடவி வந்த நீர் அது, தொட்டிக்கு வேண்டாம். இன்வெர்ட்டருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் நானே விடுவதில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பாருங்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் அளவில் ஆலைகள் கட்டியிருக்கிறார்கள். இந்த வகை ஆலைகளில் சவ்வைத் தாண்டி வரும் நீரை அப்படியே குழாயில் விடமாட்டார்கள், குழாயை அரிக்கும் என்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். இரும்புக் குழாய்க்கே அப்படி.

ஐப்பசி பிறந்தால் ஆர்ஓவுக்கும் விடுமுறை. மொட்டை மாடியில் பத்து சதுர மீட்டரைக் கழுவி வைத்தால் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 100 லிட்டர் வரும். முதல் மழையையும், அடுத்த மழைகளின் முதல் இருபது நிமிடத்தையும் ஓடவிட்டுவிடுவேன். போன வாரம் பிடித்தது 24 காட்டியது, சிமெண்டுத் தரை கொடுத்த சுண்ணாம்பும் அதில் சேர்த்தி. லிட்டருக்கு 2257 கிலோஜூலை வெயில் கட்டிவிட்டது.

மூன்று பழைய நியான்களோடு பத்துப் புதியவை சேர்ந்திருக்கின்றன. மோலிகளுக்குத் தனித் தொட்டி, கூடத்து ஜன்னலோரம். அதற்கு வெறும் போர் தண்ணீர், 1180, கலப்பதும் இல்லை, காய்ச்சுவதும் இல்லை. நேற்றுக் காலை எண்ணினேன், செடிக்குள் முப்பத்தேழு குஞ்சுகள். இட்லிப் பானையின் அடியில் அந்த வெள்ளை வளையம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.